சுவர் எழும்பவில்லை, பை உப்பியது

நுரையீரல் எப்படி உருவாகிறது என்பதை இறந்த திசுவைச் சீவிப் பார்த்து எழுதினார்கள். உயிருள்ள திசுவைப் படம் பிடித்தவர்கள் அந்தப் பாடத்தைத் திருத்துகிறார்கள்.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் ஒன்றில், நுண்ணோக்கிக்கு அடியில் ஒரு வில்லை. பிறந்து சில நாளே ஆன எலிக்குட்டியின் நுரையீரலிலிருந்து சீவியெடுத்தது. குட்டி இப்போது இல்லை. வில்லை ஊட்டநீருக்குள் உயிரோடு கிடக்கிறது. சுற்றிலும் உடம்புச் சூடு, ஈரம், அளவாகக் கலந்த கரியமில வாயு. அதன் செல்கள் நகர்கின்றன, நீள்கின்றன, ஒன்றையொன்று தள்ளுகின்றன. சாய்வாக விழும் மெல்லிய ஒளித்தகடு ஒன்று வில்லையை வருடிக்கொண்டு போகிறது, திரும்பி வருகிறது, மறுபடி வருடுகிறது. இப்படிப் பல நாள், இரவு பகலாக.

அந்தப் படங்களைக் கோத்து ஓட்டிப் பார்த்த ஜெனிஃபர் சுக்ரேயின் குழு, 2025இல் 'ஜேசிஐ இன்சைட்' ஆய்விதழில் தன் முடிவை வெளியிட்டது. சுக்ரே அடிப்படையில் பச்சிளங்குழந்தை மருத்துவர். நுரையீரலின் காற்று நுண்ணறைகள் உருவாகும் விதத்தைப் பாடநூல்கள் தலைமுறைகளாக ஒரே மாதிரி சொல்லிவந்திருக்கின்றன: பெரிய அறை ஒன்றுக்குள் சுவர்கள் முளைத்து நீண்டு அதைச் சின்னச் சின்ன அறைகளாகத் தடுக்கின்றன. திரையில் ஓடியது வேறு. எந்தச் சுவரும் உள்ளே எழும்பி வரவில்லை. அறையின் உட்பூச்சாக இருக்கும் செல்படலம், சுருங்குகிற ஒரு வளையத்தின் வழியாக வெளிப்பக்கம் உப்பிக்கொண்டு போனது.

உள்ளே வந்தாலென்ன, வெளியே போனாலென்ன, கடைசியில் அறை கிடைத்தால் சரிதானே என்று கேட்கலாம். முழு நுரையீரலோடு பிறந்தவர்களுக்கு அது சரிதான். பாதி கட்டிய நுரையீரலோடு பிறக்கும் குழந்தைகளுக்கு அப்படியில்லை. நின்றுபோன வேலையை மறுபடி தொடங்கவைக்க வேண்டுமென்றால், அந்த வேலையைச் செய்வது எந்தச் செல், எந்த விசை என்று தெரிந்தாக வேண்டும்.

செத்த நுரையீரலின் சாட்சியம்

1661இல் இத்தாலியின் பொலோஞா நகரில் மார்செல்லோ மால்பிகி, தவளையின் நுரையீரலை உலர்த்தி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். நுரையீரல் ஒருவகைச் சதை என்று எண்ணியிருந்த காலம் அது. அவர் கண்டது காற்றறைகள்; அந்த அறைகளின் சுவரில் தமனியையும் சிரையையும் இணைக்கும் தந்துகிகள். இதயத்திலிருந்து கிளம்பும் ரத்தம் இதயத்துக்கே திரும்புகிறது என்று வில்லியம் ஹார்வி 1628இல் எழுதியபோது காணாமல் இருந்த கண்ணி அதுதான். ஹார்வி அதைப் பார்க்காமலே 1657இல் போய்ச்சேர்ந்துவிட்டார்.

மால்பிகிக்குப் பிறகு கருவிகள் எவ்வளவோ மாறின. ஆனால் பெரும்பாலும் பார்க்கப்பட்டது இறந்த நுரையீரலைத்தான். திசுவை ஃபார்மலினில் ஊறப்போடுவார்கள், மெழுகில் பதிப்பார்கள், காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவுவார்கள், சாயம் ஏற்றுவார்கள். படம் கூர்மையாக வரும். வளர்ச்சியைப் பார்க்க வேண்டுமானால் மூன்றாம் நாள் குட்டி ஒன்று, ஐந்தாம் நாள் குட்டி ஒன்று, ஏழாம் நாள் குட்டி ஒன்று எனச் சீவி வரிசையாக அடுக்குவார்கள். வரிசையில் இருப்பவை வேறு வேறு குட்டிகள். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு எப்படிப் போனது என்பதைப் பார்க்கிறவர் மனசுதான் நிரப்ப வேண்டும்.

நிரப்பியவர்கள் சாமானியர்கள் அல்லர். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பீட்டர் புர்ரி 1970களில் எலியின் நுரையீரலைப் பிறப்பிலிருந்து நாள்வாரியாக ஆராய்ந்து எழுதியவை இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. அந்தச் சீவல்களில் திரும்பத் திரும்பத் தென்பட்ட ஒன்று உண்டு. காற்றறைக்குள் விரல்போல நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குட்டைத் திசு. அதன் நுனியில் எலாஸ்டின் என்ற மீள்நார். அந்த நாரை ஒட்டி, பாதித் தசைக் குணம் கொண்ட நார்செல் ஒன்று. இளம் குட்டியில் விரல் குட்டை, வளர்ந்த குட்டியில் நீளம். ஆகவே விரல் வளர்கிறது, எதிர்ச்சுவரை நோக்கிப் போகிறது, அறையைத் தடுக்கிறது. இதைவிட இயல்பாக வேறு எப்படித்தான் முடிவுகட்ட முடியும்?

இங்கேதான் சீவல் ஏமாற்றியது. ஒரு வளையலைக் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தை மட்டும் பாருங்கள். வளையல் தெரியாது, எதிரெதிரே இரண்டு புள்ளிகள்தான் தெரியும். நுரையீரலில் எலாஸ்டினும் நார்செல்லும் தனித்தனி விரல் நுனிகளில் உட்கார்ந்திருக்கவில்லை. அறை வாயைச் சுற்றி வளையமாக ஓடுகின்றன. சீவல் அந்த வளையத்தை இரண்டிடத்தில் வெட்டுகிறது. இரண்டு விரல் நுனிகள் கிடைக்கின்றன. வளையம் தன் இடத்திலேயே நிற்க, அதன் நடுவே உள்ள படலம் வெளியே உப்பிப் போனால் என்ன ஆகும்? பக்கத்துப் பக்கத்து உப்பல்களுக்கு நடுவே மாட்டிய திசு நாளுக்கு நாள் நீளமாகிக்கொண்டே வரும். சீவலில் பார்க்கிறவருக்கு அது விரல் வளர்வதாகத்தான் தெரியும். வளர்ந்தது விரல் அல்ல, இரு பக்கமும் இருக்கும் பள்ளம்.

சந்தேகம் 2025க்கு முன்பே கிளம்பிவிட்டது. ஷின் சுன் என்ற ஆய்வாளரின் குழு 2016இல் எலி நுரையீரலைத் தடிமனான துண்டாகவே எடுத்துச் சாயமேற்றி முப்பரிமாணத்தில் பார்த்தது. பாடநூல் காட்டும் அந்த விரல்களில் பல, ஏற்கெனவே முழுசாக எழுந்து நிற்கும் சுவரைக் குறுக்கே வெட்டியதால் வந்த தோற்றம் மட்டுமே என்று எழுதியது. வளர்கிற இடத்தை அடையாளம் காட்டுபவை விரல்கள் அல்ல, நார்செல்களும் எலாஸ்டினும் ஓடும் நீண்ட வரப்புகள் என்றது. ஆனால் அதுவும் இறந்த திசுதான். எது முன்னே நகர்ந்தது, எது நின்றது என்பதை ஓடும் படம்தான் சொல்ல முடியும்.

ஒளியே எமன்

ஓடும் படம் எடுப்பதில் என்ன கஷ்டம்? முதல் கஷ்டம் நுரையீரலின் குணம். அது காற்றும் மெல்லிய சுவரும் மட்டுமே. கத்தி பட்டதும் நசுங்கிவிடும். இதற்கு ஆய்வகங்கள் கண்டுபிடித்த வழி, கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகரோஸ். நம் ஊர் அகர்அகர் ஜெல்லியின் சுத்தமான உறவினர். குறைந்த சூட்டிலேயே உருகும் ரகத்தைக் கரைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே மூச்சுக்குழல் வழியே நுரையீரலுக்குள் மெல்ல ஏற்றுகிறார்கள். நுரையீரல் விரிந்து நிற்கும். பிறகு குளிரவைத்தால் உள்ளே ஜெல்லியாக இறுகும். இப்போது வைப்ரடோம் என்ற கருவியின் அதிரும் அலகு அதை ஏறத்தாழ 300 மைக்ரோமீட்டர் கனத்துக்குச் சீவித் தரும். ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனாலும் அந்தக் கனத்துக்குள் முழு காற்றறைகள் நசுங்காமல் அடங்கும். செல்கள் நாள்கணக்கில் பிழைத்திருக்கும்.

இரண்டாவது கஷ்டம்: செல்லை அடையாளம் காட்டச் சாயம் ஊற்றினால் அது செத்துவிடக்கூடும். அதற்கான வழி ஜெல்லி மீனிடமிருந்து வந்தது. ஒசாமு ஷிமோமுரா 1962இல் பிரித்தெடுத்த பச்சை ஒளிர் புரதம், பின்னாளில் மற்ற உயிர்களின் செல்லுக்குள்ளும் ஏற்றப்பட்டது. ஷிமோமுரா, மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியென் மூவருக்கும் 2008இன் வேதியியல் நோபல் பரிசு இதற்காகத்தான். இன்று ஆய்வகங்களில் இருக்கும் எலி வகை ஒன்றில் எல்லாச் செல்லின் சவ்வும் சிவப்பாக ஒளிரும். விரும்பும் ஒரு செல்வகையை மட்டும் பச்சையாக மாற்றிக்கொள்ளலாம். யார் எங்கே நகர்கிறார் என்பது நிறத்திலேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது கஷ்டம்தான் பெரியது. ஒளிரும் புரதத்தை ஒளிரவைக்க லேசர் வேண்டும். அதே லேசர் செல்லைக் கொல்லும். வழக்கமான கன்ஃபோகல் நுண்ணோக்கி ஒரு தளத்தைப் படமெடுக்க, மேலும் கீழும் உள்ள எல்லாத் தளத்தையும் சேர்த்துச் சுடுகிறது. நூறு தளம் எடுத்தால் ஒவ்வொரு செல்லும் நூறு முறை சூடு வாங்கும். அதை ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, மூன்று நாள் செய்து பாருங்கள். கடைசியில் நீங்கள் படம் பிடித்தது வளர்ச்சியை அல்ல, சாவை.

இதற்கு மாற்று ஒளித்தகடு: பார்க்கிற தளத்துக்கு மட்டும் பக்கவாட்டில் ஒளி, மற்ற தளங்களுக்கு இருட்டு. யோசனை பழையது. ஹென்றி சீடென்டோஃப், ரிச்சர்ட் சிக்மோண்டி இருவரும் 1903இலேயே கண்ணாடிக்குள் மிதக்கும் தங்கத்துகள்களைப் பார்க்க இப்படிப் பக்கத்திலிருந்து ஒளி பாய்ச்சினார்கள். பிறகு நூறாண்டு யாரும் அதிகம் சீந்தவில்லை. 2004இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் யான் ஹூயிஸ்கன், எர்ன்ஸ்ட் ஸ்டெல்சர் குழு அதே யோசனையை உயிருள்ள கருக்களுக்குத் திருப்பியது. ஆனால் அந்த அமைப்பில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு லென்ஸ் வேண்டும். தட்டில் கிடக்கும் வில்லைக்கு இரண்டாவது லென்ஸை எங்கே சொருகுவது? நாஷ்வில் குழு பயன்படுத்திய சாய்தளக் கருவியில் அந்தத் தொல்லை இல்லை. ஒரே லென்ஸ் ஒளியைச் சாய்வாக அனுப்பவும் செய்யும், திரும்பி வரும் ஒளியை வாங்கவும் செய்யும். வில்லை தன் தட்டில், தன் சூட்டில், யாரும் அலைக்கழிக்காமல் படுத்துக்கிடக்கலாம்.

முதலில் படம் பிடித்தவர்கள் இவர்கள் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் சார்லட் டீன் குழு 2019இலேயே நுண்ணறை உருவாவதை உயிருள்ள வில்லையில் நீண்ட நேரம் படமெடுத்து வெளியிட்டது. அதில் எல்லோரையும் நிமிரவைத்தது, செல்களின் ஓட்டம். காற்றறையின் உட்பூச்சுச் செல்கள் பதித்த இடத்தில் இருப்பவை என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். படத்திலோ அவை அலைந்தன, கூடின, கூடிய கூட்டத்தின் நடுவே குழி விழுந்தது, சில கைநீட்டி நீண்டன. செல் நகரத் தேவையான மயோசின், ஆக்டின் புரதங்களை முடக்கும் மருந்துகளைச் சொட்டியபோது நுண்ணறை உருவாவதும் நின்றது. செல் நகராவிட்டால் அறை இல்லை.

கிண்ணத்தில் கிளைவிட்ட மரம்

நுண்ணறை கடைசிக் கட்டம். அதற்கு முன்னால் குழாய்கள் கிளைவிட வேண்டும். அந்தக் கட்டத்தை உயிரோடு பார்ப்பதற்கு நெடிய வரலாறு உண்டு. காரணம் எளிது: எலிக்கருவின் பிஞ்சு நுரையீரலைத் தாயின் வயிற்றிலிருந்து எடுத்து, நுண்துளைத் தாளில் கிடத்தி, அடியில் ஊட்டநீர் காட்டினால் போதும், அது பாட்டுக்குக் கிளைவிடும். ரத்த ஓட்டம் வேண்டாம், தாய் வேண்டாம்.

மார்கரெட் ரீட் லூயிஸ் 1924இலேயே, கோழிக்கருவின் மூச்சுக்குழாய்கள் தாமாகவே தாளத்தோடு சுருங்கி விரிவதைப் பார்த்து எழுதியிருக்கிறார். காற்றையே காணாத குழாய்க்கு ஏன் இந்தத் துடிப்பு என்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை. இத்தாலியர்களான அலெஸ்சியோவும் காசினியும் 1962இல் செய்தது இன்னும் குறும்பான வேலை. நுரையீரலின் நுனியைச் சுற்றியிருக்கும் இளந்திசுவை எடுத்து, கிளையே விடாத மூச்சுக்குழலின் பக்கவாட்டில் ஒட்டவைத்தார்கள். ஒட்டிய இடத்தில் புது மொட்டு கிளம்பிவிட்டது. எங்கே கிளைக்க வேண்டும் என்று சொல்வது குழாய் அல்ல, அதைச் சுற்றியிருக்கும் திசு. அந்தத் திசு அனுப்பும் முக்கியமான சமிக்ஞை எஃப்ஜிஎஃப்10 என்ற புரதம் என்பது 1990களின் கடைசியில் உறுதியானது. அந்த மரபணுவை நீக்கிய எலிகளுக்கு மூச்சுக்குழலோடு சரி, நுரையீரலே இல்லை.

2008இல் ஸ்டான்ஃபோர்டின் ராஸ் மெட்ஸ்கர், மார்க் கிராஸ்னோ குழு நூற்றுக்கணக்கான கருநுரையீரல்களை ஒப்பிட்டு, எலியின் மூச்சுக்குழாய் மரத்தின் முழு வரைபடத்தையும் போட்டது. ஆயிரக்கணக்கான கிளைகள், ஆனால் பிரியும் விதங்கள் மூன்றே மூன்று. தண்டின் பக்கத்தில் வரிசையாக மொட்டு விடுவது, நுனி ஒரே தளத்தில் இரண்டாகப் பிரிவது, நுனி தளம் மாற்றித் திரும்பி இரண்டாகப் பிரிவது. ஒரே இன எலிகளில் கிளைகள் வரும் வரிசைகூட மாறுவதில்லை. அற்புதமான வேலை, ஆனால் அதுவும் இறந்த நுரையீரல்களின் அடுக்குதான்.

நுனியை இரண்டாகப் பிளப்பது எது? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் நெல்சன் குழு உயிருள்ள கருநுரையீரலை அடுத்தடுத்துப் படமெடுத்து 2015இல் ஒரு விடை சொன்னது: நுனி பிளக்கப்போகும் இடத்தில் முன்கூட்டியே மென்தசை உருவாகி, நுனியின் நடுவில் அழுத்திப் பிடிக்கிறது. 2017இல் அதே குழு, கருநுரையீரலை ஒரு நுண்ணிய செயற்கை மார்புக்கூட்டுக்குள் வைத்து உள்ளிருக்கும் திரவத்தின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தது. அழுத்தம் கூடினால் கிளைவிடும் வேகமும் கூடியது. கோழிக்கருவில் கதை வேறு; அங்கே மென்தசை வருமுன்பே படலத்தின் செல்கள் தம் உள்முனையைச் சுருக்கிக்கொண்டு வளைந்து மொட்டாகின்றன. பழுப்பு அனோல் என்ற ஓணானில் இன்னும் எளிது. அதன் நுரையீரல் ஒரு பை, சுற்றிலும் மென்தசை வலை பின்னுகிறது, திரவ அழுத்தத்தில் பையின் படலம் வலைக்கண்கள் வழியே பிதுங்குகிறது, வேலை முடிந்தது. 2021இல் வந்த அந்த ஓணான் கட்டுரையைப் படித்துவிட்டு, வளையத்தின் வழியே உப்பும் எலியின் நுண்ணறைக்கு வந்தால் ஒரு குறுகுறுப்பு வராமல் இருக்காது. பரிணாமம் பழைய தந்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டதா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கலாம், இன்னும் தீர்ப்பு எழுதக்கூடாது.

ஏனென்றால் கண்ணால் கண்டதையும் தீர விசாரிக்க வேண்டிய துறை இது. 2020இல் ஷின் சுன் குழு, மூச்சுக்குழாயின் மென்தசை உருவாகாதபடி மரபணுவைத் திருத்திய எலிக்கருக்களைப் பார்த்தது. பிரின்ஸ்டன் விடை முழுதும் சரியென்றால் கிளை குழம்பியிருக்க வேண்டும். குழம்பவில்லை. குழாய்களின் அகலம் மாறியது, மூச்சுக்குழலின் குருத்தெலும்பு கோணலானது, கிளைகள் மட்டும் வழக்கம்போல வந்தன. கிண்ணத்தில் தாளில் கிடக்கும் நுரையீரல் தட்டையாகப் படுத்திருக்கிறது. கருவின் மார்புக்குள் இருப்பது அப்படியில்லை. இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

தண்ணீரை மூச்சுவிடும் சிசு

இவற்றிலெல்லாம் பொதுவாக வரும் ஒன்று, திரவம். வயிற்றில் இருக்கும் சிசுவின் நுரையீரல் காலியாக இருப்பதில்லை. அதுவே ஒரு திரவத்தைச் சுரந்து தன்னை நிரப்பி வைத்திருக்கிறது. மனிதச் சிசு பத்தாவது வாரம் வாக்கிலேயே மூச்சுவிடும் அசைவுகளைத் தொடங்கிவிடுகிறது. காற்றுக்குப் பதில் நீர். வேண்டிய ஆக்சிஜன் தொப்புள்கொடி வழியே வரும்போது இந்த வெட்டிவேலை எதற்கு?

1977இல் ஆட்டுக்குட்டிச் சிசுக்களிடம் நடந்த சோதனை இதைப் பட்டவர்த்தனமாக்கியது. மூச்சுக்குழலைக் கட்டித் திரவத்தை உள்ளேயே தேக்கினால் நுரையீரல் பருத்தது. திரவத்தை வெளியே வடியவிட்டால் சூம்பியது. பெய்ஜிங் ஆய்வாளர்கள் 2018இல், எலிக்கருவின் நுரையீரலை உயிரோடு படமெடுத்துச் செல் அளவில் இதே கதையைக் காட்டினார்கள். காற்று நுண்ணறையில் இரண்டு வகைச் செல்கள் முக்கியம். ஒன்று, தோசைக்கல்லில் பரப்பியது போலக்கூடச் சொல்ல முடியாத அளவு மெல்லிசாகப் பரந்து கிடக்கும் தட்டைச் செல்; ஆக்சிஜன் கடப்பது இதன் வழியே. மற்றது, கனமான உருண்டைச் செல். சர்ஃபாக்டன்ட் என்ற வழுவழுப்பைச் சுரப்பது இது. இரண்டும் ஒரே மூதாதைச் செல்லிலிருந்து வருகின்றன. சிசு மூச்சிழுக்கும்போது உள்ளே புகும் பனிக்குட நீரின் அழுத்தத்தில் இழுபட்டவை தட்டைச் செல்களாயின. படலத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒதுங்கி அந்த இழுப்புக்குத் தப்பியவை உருண்டைச் செல்களாகத் தங்கின. வெட்டிவேலையாகத் தெரிந்த அந்த மூச்சுதான் யார் என்ன ஆவது என்று பிரிக்கிறது.

இது எலியோடு நிற்கவில்லை. உதரவிதானத்தில் ஓட்டையோடு உருவாகும் சில சிசுக்களுக்கு வயிற்று உறுப்புகள் மார்புக்குள் ஏறிவிடும். நுரையீரல் வளர இடமிருக்காது. பெல்ஜியத்தின் லூவன் நகரில் யான் டெப்ரெஸ்ட் தலைமையில் பல நாட்டு மருத்துவர்கள், சிசு வயிற்றில் இருக்கும்போதே 27 முதல் 29 வாரத்துக்குள் அதன் மூச்சுக்குழலில் ஒரு சின்ன பலூனை வைத்து அடைத்தார்கள். ஆட்டுக்குட்டிச் சோதனையின் மனிதப் பதிப்பு. 34ஆம் வாரம் வாக்கில் பலூனை எடுத்துவிடுவார்கள். 2021இல் வெளியான முடிவுகளில், பாதிப்பு கடுமையாக இருந்த சிசுக்களில் பலூன் வைத்தவர்களில் 40 சதவீதம் பேர் உயிரோடு வீடு திரும்பினார்கள். வைக்காதவர்களில் 15 சதவீதம்.

34 வாரத்துக் குழந்தை

1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பாட்ரிக், ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். 39 மணி நேரம் இருந்தான். உலகத்தின் மிகச் செல்வாக்கான குடும்பத்துக்கு அன்றைய மருத்துவத்தால் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான். என்ன குறை என்பதை மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் 1959இலேயே கண்டுவிட்டிருந்தார்கள்: சர்ஃபாக்டன்ட் போதவில்லை. அது இல்லாத நுண்ணறை, மூச்சை விட்டதும் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு மூச்சுக்கும் முதலிலிருந்து பிரிக்க வேண்டும். இன்று அதே 34 வாரத்துக் குழந்தை நல்ல மருத்துவமனையில் பிறந்தால் பெரும்பாலும் பத்திரமாக வீடு போய்விடும்.

இதில் நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குப் பெரும் பங்கு. கிரஹாம் லிக்கின்ஸ் ஆடுகளில் பிரசவத்தைத் தூண்டுவது எது என்று தேடிக்கொண்டிருந்தார். ஸ்டீராய்டு பெற்ற ஆட்டுக்குட்டி ஒன்று, மூச்சுவிடவே முடியாத மாதத்தில் பிறந்தும் மூச்சுவிட்டது. லிக்கின்ஸும் ராஸ் ஹோவியும் அதைத் தாய்மார்களிடம் சோதித்து 1972இல் வெளியிட்டார்கள். குறைமாதத்தில் வலி கண்டு நம் அரசு மருத்துவமனைகளில் சேரும் பெண்களுக்கு, "குழந்தையோட நுரையீரல் வளர்ச்சிக்கு" என்று சொல்லிப் போடப்படும் ஊசி இந்த வழி வந்ததுதான். இந்தியாவில் அது டெக்ஸாமெத்தசோன். 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு. 2020இல் உலகில் குறைமாதத்தில் பிறந்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர் என்று உலக சுகாதார அமைப்பும் கூட்டாளிகளும் மதிப்பிட்டிருக்கிறார்கள். அதில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் இந்தியாவில். வேறு எந்த நாட்டிலும் இத்தனை பேர் இல்லை.

ஏழாம் மாதத்தில் பிறந்தால் தங்கிவிடும், எட்டாம் மாதத்தில் பிறந்தால் தங்காது என்று நம் வீடுகளில் இன்னும் சொல்கிறார்கள். நுரையீரலைப் பொறுத்தவரை இதில் துளியும் உண்மையில்லை. சர்ஃபாக்டன்ட் சுரப்பது 24ஆம் வாரம் வாக்கில் தொடங்கி 34, 35இல்தான் போதுமான அளவுக்கு வருகிறது. உள்ளே தங்கும் ஒவ்வொரு வாரமும் லாபம்.

பிழைக்கவைத்ததில் ஒரு புதுச் சிக்கலும் வந்தது. வென்டிலேட்டரிலும் அதிக ஆக்சிஜனிலும் நாள்கணக்கில் இருந்த குழந்தைகளின் நுரையீரல் தழும்பேறிப்போவதை 1967இல் ஸ்டான்ஃபோர்டில் வில்லியம் நார்த்வே விவரித்தார். பிறகு சிகிச்சை மென்மையானது, இன்னும் சின்னக் குழந்தைகள் பிழைத்தார்கள், நோயின் முகமும் மாறியது. இப்போது தழும்பு குறைவு. நுண்ணறைகளே குறைவு, இருப்பவை பெரிதாக, வெறுமையாக. கட்டுமானம் பாதியில் நின்ற நுரையீரல். பெரியவரின் நுரையீரலில் சராசரியாக 48 கோடி நுண்ணறைகள் இருக்கும் என்பது 2004இல் எண்ணிக் கண்ட கணக்கு. 25 வாரத்தில் பிறக்கும் குழந்தையிடம் அவற்றில் ஒன்றுகூட இருக்காது.

எலி இங்கே ஏன் உதவுகிறது என்பதும் இதில் இருக்கிறது. எலிக்குட்டி முழு மாதத்தில் பிறந்தாலும் நுண்ணறை இல்லாமலே பிறக்கிறது. எல்லாம் பிறந்த பிறகுதான். ஆகவே நான்கைந்து நாள் எலிக்குட்டியின் நுரையீரலைப் பார்ப்பது, குறைமாதக் குழந்தையின் நுரையீரல் செய்யத் தவறியதைப் பார்ப்பதற்கு வெகு அருகில் வருகிறது.

வில்லை சொல்லாதது

நாஷ்வில் படத்தைப் பார்த்து உடனே பாடநூலைக் கிழிக்க வேண்டுமா? அவசரம் வேண்டாம் என்பேன். வில்லை மூச்சுவிடுவதில்லை. அதற்குள் ரத்தம் ஓடுவதில்லை. குட்டியின் மார்பில் நொடிக்குப் பலமுறை விரிந்து சுருங்கும் திசு, தட்டில் அசையாமல் கிடக்கிறது. நுண்ணறை உருவாக இழுப்பும் அழுத்தமும் முக்கியம் என்று மேலே பார்த்தோம். அந்த இரண்டுமே இல்லாத இடத்தில் எடுத்த படம் இது. அப்படியிருந்தும் படலம் வெளியே உப்பியது என்பது, உப்பவைக்கிற ஏதோ ஒன்று செல்களுக்குள்ளேயே இருக்கிறது என்பதற்குச் சாட்சியாகலாம். உயிருள்ள மார்பில் உள்ளிருக்கும் காற்று இதோடு என்ன செய்கிறது என்பதற்கு இந்த வில்லையிடம் விடை இல்லை.

மூச்சுவிடும் நுரையீரலையே நேரில் பார்க்கும் முயற்சிகளும் நடக்கின்றன. 2011இல் மார்க் லூனி குழு, எலியின் நுரையீரலை மெல்லிய உறிஞ்சலில் பிடித்துக் கண்ணாடிச் சன்னல் வழியே பார்த்தது. 2023இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஹாதி நியா குழு, எலியின் விலாக்கூட்டின் வடிவத்திலேயே ஊடுருவித் தெரியும் ஒரு கூட்டை வார்த்து, அதற்குள் நுரையீரலை இயங்கவிட்டு மேற்பரப்பு முழுவதையும் படமெடுத்தது. இவையெல்லாம் வளர்ந்த எலியின் நோய்களைப் பார்க்கச் செய்தவை. பிறந்த சில நாள் குட்டிக்கு இப்படி ஒரு கூடு செய்து நாள்கணக்கில் பார்ப்பது வேறு அளவு வேலை.

வில்லையின் பெரிய லாபம் வேறு. ஒரே நுரையீரலிலிருந்து பல வில்லைகள் கிடைக்கும். ஒன்றில் ஒரு மருந்தைச் சொட்டலாம், அடுத்ததில் வேறொன்று, மூன்றாவதைச் சும்மா விடலாம். எதில் உப்பல் வேகமெடுக்கிறது, எதில் வளையம் சுருங்காமல் சோம்புகிறது என்று அளக்கலாம். நாஷ்வில் குழு செல்களின் அசைவை நேரவாரியாகக் கணினி மாதிரியாகவே எழுதிவைத்திருக்கிறது. ஏற்கெனவே தெரிந்த சமிக்ஞைகளை ஒவ்வொன்றாகத் தடுத்துப் பார்க்கும்போது கட்டுமானம் எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று எண்ணாலேயே சொல்ல முடிகிறது. பிறந்த எலிக்குட்டிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் தொடர்ந்து கொடுத்தால் நுண்ணறைகள் உருவாவது குறைகிறது என்று டொனால்ட் மசாரோவும் குளோரியா மசாரோவும் 1980களிலேயே காட்டியிருந்தார்கள். தாய்க்குப் பிரசவத்துக்கு முன் போடும் அளவான ஊசி வேறு, இது வேறு. ஆனால் முதிர்ச்சியைத் துரத்தும் மருந்தே வளர்ச்சியை நிறுத்தவும் கூடும் என்பதைப் பிறந்த பிறகு சிகிச்சை தருபவர்கள் மறப்பதில்லை. இப்படிப்பட்ட மருந்துகளைக் குழந்தையிடம் கொண்டுபோகும் முன்பு வில்லையில் ஓடவிட்டுப் பார்க்க இப்போது வழி கிடைத்திருக்கிறது.

நின்றுபோன கட்டுமானத்தை மறுபடி தொடங்கவைக்கும் மருந்தை அடிப்படையே இல்லாமல் தேடவில்லை. நுண்ணறைகள் சில வயதுக்குள் உருவாகி முடிந்துவிடும் என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தார்கள். இங்கிலாந்தின் லெஸ்டரில் மஞ்சித் நாராயணன் குழு, ஹீலியம்-3 வாயுவை மூச்சிழுக்கவைத்து எம்ஆர்ஐ எடுத்து, 7 முதல் 21 வயது வரையிலானவர்களின் நுண்ணறை அளவைக் கணக்கிட்டது. நுரையீரல் பெரிதாகிக்கொண்டே போனது. நுண்ணறையின் அளவோ அதற்கேற்பப் பெரிதாகவில்லை. அப்படியானால் எண்ணிக்கை கூடியிருக்க வேண்டும். 2012இல் வந்தது அந்த முடிவு. அடுத்த ஆண்டே, குறைமாதத்தில் பிறந்து 10 முதல் 14 வயதுக்கு வந்துவிட்ட பிள்ளைகளை அதே முறையில் அளந்தார்கள். அவர்களில் சிலர் கைக்குழந்தையாக இருந்தபோது பல வாரம் ஆக்சிஜனில் இருந்தவர்கள். அவர்களுடைய நுண்ணறைகள், முழு மாதத்தில் பிறந்த பிள்ளைகளின் நுண்ணறைகளுக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருந்தன.